மண் சொல்லும் பிறந்தகம்: உரோமர் காலக் கோல்செஸ்டரின் உள்ளூர்க் கலங்களும் இறக்குமதிக் கலங்களும்

முன்னுரை

உரோமப் பேரரசு என்றதும் நம் நினைவுக்கு வருபவை பளிங்குத் தூண்களும் படைவீரர்களும் பேரரசர்களும்தாம். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நாம் மனனம் செய்தவையும் பெரும்பாலும் இவையே. அப்பேரரசின் கீழ் வாழ்ந்த சாதாரண மக்கள் எதில் சமைத்தார்கள், எதில் உண்டார்கள், அந்தக் கலங்களை வனைந்தவர்கள் யார் என்ற கேள்விகள் தேர்வில் வந்ததில்லை. ஆனால் தொல்லியலாளர்களுக்கு மிகுதியாகக் கிடைக்கும் சான்று இக்கேள்விகளுக்கு உரியதாகவே இருக்கிறது. அதுதான் உடைந்த பானையோடு.

மரம் மக்கிவிடும். துணி இற்றுப்போகும். உலோகத்தை உருக்கி மறுபடியும் பயன்படுத்திக்கொள்வார்கள். உடைந்த பானையை மட்டும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை; மண்ணும் அதை அரிப்பதில்லை. ஆகவேதான் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அது நம் கைக்கு வந்து சேர்கிறது.

இக்கட்டுரையில் உரோமப் பேரரசின் பிரித்தானிய மாகாணத்தில் இருந்த ஒரே ஒரு நகரை எடுத்துக்கொள்கிறேன். அங்குக் கிடைத்த கலங்களுள் எவை உள்ளூரில் செய்யப்பட்டவை, எவை வெளியிலிருந்து வந்தவை, அதை எப்படிக் கண்டறிகிறார்கள் என்பதை விளக்குவதே நோக்கம். கட்டுரை முழுவதும் நான் நிறுவ முயலும் கருத்து ஒன்றுதான். கலத்தின் உருவம், குயவர் யாரைப் பார்த்து வனைந்தார் என்பதைச் சொல்லும். கலத்தின் மண்தான் அது எங்கே பிறந்தது என்பதைச் சொல்லும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு நகரின் வரலாற்றையே தவறாக எழுதிவிடுவோம்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது 'பானை செய்பவர் குயவர்' என்று தொழிற்பெயர்ப் பட்டியலில் ஒப்புவித்ததோடு என் அறிவு நின்றிருந்தது. இக்கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கியபோது வனைதல், சூளை, திரிகை, கலம், ஓடு, பூச்சு என்று இத்துறைக்கு வேண்டிய சொற்கள் பலவும் தமிழில் தயாராக இருப்பதைக் கண்டேன். சில கலவகைகளின் பெயர்களை மட்டுமே ஒலிபெயர்க்க வேண்டியிருந்தது.

நகரின் பின்னணி

இன்றைய இங்கிலாந்தில், இலண்டனுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் எசெக்ஸ் வட்டாரத்தில் கோல்செஸ்டர் அமைந்துள்ளது. இதன் பழைய பெயர் காமுலோடூனம். 'காமுலோஸ் என்னும் போர்க்கடவுளின் கோட்டை' என்பது அதன் பொருள். உரோமர் வருமுன் குனோபெலின் என்னும் அரசனின் தலைநகராக இவ்வூர் விளங்கியது.

கி.பி. 43இல் பேரரசர் கிளாடியஸின் படை பிரித்தானியாவில் இறங்கியது. கிளாடியஸ் தாமே காமுலோடூனம்வரை வந்தார். முதலில் படைக்கோட்டையாக இருந்த இடம், கி.பி. 49இல் ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடியேற்ற நகரமானது. கி.பி. 60 அல்லது 61இல் ஐசீனி இனத்தின் அரசி பூடிக்கா கிளர்ந்தெழுந்து இந்நகரை எரித்துத் தரைமட்டமாக்கினார். பின்னர் நகரம் மீண்டும் கட்டப்பட்டு நீண்ட காலம் நிலைத்தது. அந்தத் தீயின் அடையாளமாக இன்றும் கோல்செஸ்டரின் தரைக்கடியில் செந்நிறத்தில் வெந்த மண்படலம் ஒன்று காணப்படுகிறது. பூடிக்காவின் ஆண்டை நாம் அறிவோமாதலால், அப்படலத்துக்குள் அகப்பட்ட கலங்கள் அவ்வாண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை என்று உறுதியாகச் சொல்லலாம்.

நகரின் புறத்தே ஷீப்பன் என்னும் இடத்தில் 1930களில் ஹாக்ஸ், ஹல் என்னும் இரு தொல்லியலாளர்கள் அகழாய்வு நடத்தி 1947இல் அறிக்கை வெளியிட்டனர். கலவகைகளுக்கு அவர்கள் இட்ட எண்களை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். படையெடுப்புக்கு முன்பே இத்தாலியிலிருந்தும் கால் நாட்டிலிருந்தும் மேசைக்கலங்களும் மதுச்சாடிகளும் இவ்வூருக்கு வந்துகொண்டிருந்ததை இந்தக் கண்டுபிடிப்புகள் காட்டின. (கால் என்பது ஏறத்தாழ இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும் ஆகும்.) ஆக, இறக்குமதிக் கலம் கிடைத்த இடமெல்லாம் உரோம ஆட்சி நடந்த இடம் என்று கொள்ள முடியாது. கலம் வணிகரோடு முன்னே வந்தது; படை பின்னே வந்தது.

கடல் கடந்து வந்த சிவப்புக் கலங்கள்

உரோமர் கால இறக்குமதிக் கலங்களில் முதலிடம் சேமியன் கலத்துக்கு உண்டு. பளபளப்பான சிவப்புப் பூச்சுடைய தட்டுகளும் கிண்ணங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. சலித்தெடுத்த நுண்களிமண் கரைசலில் கலத்தை முக்கி, காற்று தாராளமாகப் புகும் சூளையில் உயர்ந்த வெப்பத்தில் சுட்டால் இப்பளபளப்பு கிட்டும். களிமண்ணிலுள்ள இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து சிவப்பாகும். காற்றை அடைத்துச் சுட்டால் அதே மண் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறும். எனவே, நிறத்தை முடிவுசெய்வதில் மண்ணைப் போலவே சூளைக்கும் பங்குண்டு.

'சேமியன்' என்ற பெயரே நம்மை ஏமாற்றக்கூடியது. அது கிரேக்கத் தீவான சாமோஸைக் குறிக்கிறது. ஆனால் பிரித்தானியாவில் கிடைக்கும் சேமியன் கலங்களுக்கும் சாமோஸ் தீவுக்கும் தொடர்பில்லை. இவ்வகைச் சிவப்புக் கலத்துக்குப் புகழ் தேடித் தந்த நகரம் இத்தாலியின் அரெஸ்ஸோ. அங்கிருந்து தொழில் கால் நாட்டுக்குப் பரவியது. கோல்செஸ்டருக்கு முதல் நூற்றாண்டில் வந்தவை பெரும்பாலும் தென் காலில் உள்ள லா கிராஃபெசென்க் என்னும் ஊரில் செய்யப்பட்டவை. இரண்டாம் நூற்றாண்டில் நடுக் காலின் லெசூ முன்னணிக்கு வந்தது. அதன்பின் ரைன் ஆற்றுப் பகுதியின் ரைன்சாபெர்ன் போன்ற ஊர்கள் வளர்ந்தன. பெயர் கிரேக்கம், பாணி இத்தாலி, மண்ணோ கால் நாட்டு மண்.

லா கிராஃபெசென்க் சூளைகளில் எத்தனை கலங்களைச் சுட்டிருப்பார்கள்? அவ்வூர்க் குயவர்கள் சூளையில் அடுக்கிய கலங்களின் கணக்கைத் தட்டுகளின்மேல் கீறி வைத்திருக்கிறார்கள். யார் எத்தனை கொடுத்தார் என்று கால் மொழியும் இலத்தீனும் கலந்து எழுதிய பட்டியல்கள் அவை. ஒரே முறையில் பல பத்தாயிரம் கலங்கள் சுடப்பட்டதை அவை காட்டுகின்றன. பலர் கூடிப் பயன்படுத்திய சூளை என்பதாலேயே இத்தகைய கணக்கு தேவைப்பட்டது.

கோல்செஸ்டரின் முதன்மைத் தெருவில் நடந்த அகழ்வுகளில் பூடிக்கா காலத்தில் எரிந்த மட்கலக் கடைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. விற்பனைக்கு வைத்திருந்த புதிய சேமியன் கலங்கள் தீயில் கருகிக் கறுத்துக் கிடந்தன. கண்ணாடிக் கலங்கள் உருகிப்போயிருந்தன. ஓர் இறக்குமதி வணிகரின் முழு முதலீடும் ஒரே நாளில் போயிற்று. அவர் என்ன ஆனார் என்பதை எந்த ஓடும் சொல்லவில்லை. ஆயினும், நகரம் உருவாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே கால் நாட்டுக் கலங்களைக் கடைபோட்டு விற்கும் அளவுக்கு வாங்குவோர் இருந்தனர் என்பது இதனால் தெரிகிறது.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், தென் காலில் செய்த 90 சேமியன் கிண்ணங்கள் அடங்கிய பெட்டி ஒன்று 1881இல் கண்டெடுக்கப்பட்டது. இத்தாலியைப் பார்த்துத் தொழில் கற்ற மாகாணம், ஓரிரு தலைமுறைக்குள் இத்தாலிக்கே கலம் அனுப்பியிருக்கிறது. நேற்றைய நகல் இன்றைய அசலாகிவிட்டது. மாகாணம் என்றால் வாங்கும் இடம், தலைநாடு என்றால் செய்யும் இடம் என்ற எண்ணம் இந்தப் பெட்டியோடு தகர்ந்துபோகிறது.

ஆம்போரா என்னும் பெருஞ்சாடி

இறக்குமதிக் கலங்களுள் ஆம்போராவின் கணக்கு வேறு. சேமியன் கிண்ணத்தைக் கிண்ணத்துக்காகவே வாங்கினார்கள். ஆம்போராவை உள்ளிருக்கும் பொருளுக்காக வாங்கினார்கள். தென் ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெயும் மீன் குழம்பும், கால் நாட்டிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மதுவும் இச்சாடிகளில் வந்தன. ஸ்பெயினின் உருண்டை வடிவ எண்ணெய்ச் சாடி காலியாகவே ஏறத்தாழ 30 கிலோகிராம் எடையுள்ளது.

இந்த எடை ஆய்வாளர்களுக்கு ஒரு சிக்கலைத் தருகிறது. ஒரு குழியில் கிடைத்த ஓடுகளை எடைபோட்டு 'பாதிக்கு மேல் இறக்குமதி' என்று சொன்னால், அது ஒரே ஓர் உடைந்த ஆம்போராவின் எடையாக இருக்கலாம். ஓடுகளை எண்ணினாலும் தொல்லைதான். மெல்லிய குவளை நூறு துண்டாக உடையும், தடித்த சட்டி பத்துத் துண்டாக உடையும். இதனால் பலர் விளிம்புக் கணக்கைக் கையாளுகின்றனர். வாய்விளிம்பின் துண்டு முழு வட்டத்தில் கால் பங்கு என்றால் 0.25 என்று குறிப்பர். இப்படி எல்லா விளிம்புகளையும் கூட்டினால் ஏறத்தாழ எத்தனை கலங்களுக்கு ஈடான ஓடுகள் கிடைத்தன என்பது தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை ஆய்வில் அந்தப் பழமொழி செல்லாது. குழியிலுள்ள ஓடுகள் அனைத்தையும் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

உள்ளூர்ச் சூளைகள்

கோல்செஸ்டரைச் சுற்றி முப்பதுக்கும் மேற்பட்ட உரோமர் காலச் சூளைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஹல் அவற்றைத் தொகுத்து 1963இல் நூலாக வெளியிட்டார். அன்றாடச் சமையலுக்கும் சேமிப்புக்கும் வேண்டிய சாம்பல் நிறப் பானைகளும் சட்டிகளும் உள்ளூரிலும் அண்டை வட்டாரங்களிலும் வனையப்பட்டன. அடுப்பில் ஏற்றி இறக்கும் பானை அடிக்கடி உடையும். அதைக் கடல் கடந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது.

ஆனால் உள்ளூர்க் குயவர்கள் மலிவுச் சரக்கோடு நின்றுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். மூன்று சான்றுகளைத் தருகிறேன்.

முதலாவது மோர்ட்டேரியம் என்னும் அரைக்கும் சட்டி. தடித்த விளிம்பும் ஊற்றுவதற்கு மூக்கும் உடையது. உட்புறத்தில் கரடுமுரடான மணல்துகள்களைப் பதித்துச் சுட்டிருப்பார்கள். நம் வீட்டு அம்மியும் மலாய்க்காரர் வீட்டு லெசோங்கும் செய்யும் வேலையை இது செய்தது. உரோமர் கொண்டுவந்த சமையல் பழக்கத்தோடு வந்த கலம் இது. கோல்செஸ்டர் குயவர்கள் இதைக் கற்றுக்கொண்டு தாங்களே வனைந்தனர். இரண்டாம் நூற்றாண்டில் அவர்களின் சட்டிகள் பிரித்தானியாவின் வட எல்லைக்குச் சென்றன. இன்றைய ஸ்காட்லாந்தில் கி.பி. 142 அளவில் எழுப்பப்பட்ட அண்டோனைன் மதிலின் படைமுகாம்களில் அவை கிடைத்துள்ளன. அந்த முகாமிலிருந்த வீரருக்குக் கோல்செஸ்டர் சட்டி வெளியூர்ச் சரக்குதான். ஒரே கலம் ஓரிடத்தில் உள்ளூர்ப் பொருளாகவும் வேறோரிடத்தில் வரவழைத்த பொருளாகவும் இருக்கிறது.

இரண்டாவது கோல்செஸ்டரிலேயே செய்யப்பட்ட சேமியன். 1933இல் இதற்கான சூளையும் அலங்கார அச்சுகளின் துண்டுகளும் கண்டுபிடிக்கப்பட்டன. கி.பி. 160 முதல் 200 வரையிலான காலத்தில் இம்முயற்சி நடந்தது. கால் நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த குயவர்கள் இதில் ஈடுபட்டனர் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தொழில் தெரிந்தவர்கள் வந்தார்கள்; அச்சும் இருந்தது. இருந்தும் கலத்தின் பளபளப்பு கால் நாட்டுக் கலங்களுக்கு ஈடாகவில்லை. விற்பனையும் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தோடு நின்றது. முயற்சி நீடிக்கவில்லை. அதே நகரம் அரைக்கும் சட்டியில் வென்றது, சிவப்புக் கிண்ணத்தில் தோற்றது. ஆகவே உள்ளூர்த் தொழிலை மொத்தமாகப் புகழ்வதும் மொத்தமாக இகழ்வதும் பொருந்தாது. கலத்துக்குக் கலம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

மூன்றாவது சான்று, இந்நகரின் மிகப் புகழ்பெற்ற கலம். அதைத் தனியே காண்போம்.

கோல்செஸ்டர் குவளை

1853இல் நகரின் புறத்தே ஒரு கல்லறையில் எரியூட்டப்பட்ட எலும்புகளோடு ஒரு குவளை கிடைத்தது. உயரம் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். காலம் ஏறத்தாழ கி.பி. 175. அதன் உடலைச் சுற்றிப் புடைப்புச் சித்திரங்கள் உள்ளன. நாய் ஒன்று முயலையும் மானையும் துரத்துகிறது. இருவர் ஒரு கரடியை எதிர்கொள்கின்றனர். இரண்டு போர் விளையாட்டு வீரர்கள் மோதுகின்றனர். தோற்றவர் விரலை உயர்த்திச் சரணடைகிறார். சித்திரத்துக்கு மேல் செக்குண்டுஸ், மாரியோ, மெம்னோன், வாலென்டினுஸ் என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மெம்னோன் ஒன்பது முறை வென்றவர் என்றும், வாலென்டினுஸ் முப்பதாம் படையணியைச் சேர்ந்தவர் என்றும் எழுத்துகள் கூறுகின்றன.

முப்பதாம் படையணி ரைன் ஆற்றங்கரையில் தங்கியிருந்தது. இப்பாணிக் குவளைகளுக்கும் ரைன் பகுதி பெயர்பெற்றது. எனவே குவளை அங்கிருந்து வந்ததா என்ற ஐயம் எழுந்தது. பொதுவான சித்திரக் குவளை ஒன்றை வாங்கி, பெயர்களைப் பின்னர் கீறிக்கொண்டிருக்கலாம் என்ற கருத்தும் இருந்தது. 2023இல் வெளியான ஆய்வு முடிவுகள் இதற்கு விடை தந்தன. குவளை கோல்செஸ்டர் மண்ணால் செய்யப்பட்டது. பெயர்கள் சுடுவதற்கு முன்பே, ஈரமண்ணில் பொறிக்கப்பட்டவை. அதாவது, இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த போட்டி என்று தெரிந்தே உள்ளூர்க் குயவர் இதை வனைந்திருக்கிறார். அப்படியானால் கோல்செஸ்டரிலேயே இத்தகைய போட்டி நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

குவளைக்குள் இருந்த எலும்புகளும் ஆராயப்பட்டன. அவை 40 வயதைக் கடந்த ஓர் ஆணுடையவை என்றும், அவர் வேற்றூரிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்றும் தெரியவந்தது. வெளியிலிருந்து வந்திருக்கும் என்று ஐயப்பட்ட குவளை உள்ளூரில் பிறந்தது. அதற்குள் உறங்கியவரோ வெளியூரிலிருந்து வந்தவர். இந்த ஒரு செய்திக்காகவே இக்கட்டுரையை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது.

மண்ணைக் கேட்கும் முறை

ஒரு கலத்தின் பிறந்தகத்தை எப்படி அறிகிறார்கள்? முதல் படி, ஓட்டைப் புதிதாகச் சிறிது உடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியால் அதன் உட்பகுதியைப் பார்ப்பது. மணல், சுண்ணாம்பு, மைக்கா, எரிமலைத் துகள் என எவை கலந்துள்ளன என்று குறித்துக்கொள்வர். அடுத்த படி, ஓட்டின் மெல்லிய சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் காண்பது. துகள்களின் பாறைவகை தெரிந்தால், அப்பாறை உள்ள வட்டாரத்தைத் தேடலாம். மூன்றாவது, மண்ணின் வேதியியல் கூறுகளை அளந்து, சூளையருகே கிடைத்த கழிவு ஓடுகளின் அளவுகளோடு ஒப்பிடுவது. வெந்து கோணிப்போன கழிவு ஓட்டை யாரும் தொலைவுக்கு எடுத்துச் செல்லமாட்டார்கள். ஆதலால் அதுவே அவ்வூர் மண்ணுக்கு நம்பகமான சாட்சி.

அரிக்கமேட்டின் பாடம்

இதே வினா தமிழ் மண்ணிலும் எழுந்தது. கோல்செஸ்டர் கோட்டைக்கு அடியிலுள்ள கல்வளைவுகள் கிளாடியஸ் கோயிலின் அடித்தளம் என்று, முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் மார்டிமர் வீலர். அதே வீலர் 1945இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். அங்குக் கிடைத்த அரெஸ்ஸோ பாணிச் சிவப்பு ஓடுகளையும் ஆம்போரா ஓடுகளையும் கொண்டு அவ்விடத்தின் காலத்தைக் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரும் கொடை.

அங்கே வேறொரு வகைக் கலமும் கிடைத்தது. உட்புறத்தில் சிறு சக்கரத்தை உருட்டிப் பதித்தது போன்ற கோலமுடைய மெல்லிய தட்டு அது. அந்த அலங்கார முறை மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு உரியது என்பதால், இந்தத் தட்டுகளும் அங்கிருந்து தொடக்கத்தில் வந்தவை என வீலர் கருதினார். 1980களில் விமலா பெக்லி இதை மறுத்து, இவை இந்தியாவில் செய்யப்பட்டவை என வாதிட்டார். பின்னர் நடந்த கனிம, வேதியியல் ஆய்வுகளும் இத்தட்டுகள் இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்தவை என்பதை உறுதிப்படுத்தின. வீலர் கோலத்தைப் பார்த்தார். பின்வந்தவர்கள் மண்ணையும் கேட்டார்கள். கோல்செஸ்டர் குவளைக்கு நேர்ந்ததும் இத்தட்டுக்கு நேர்ந்ததும் ஒன்றே. அழகாக இருந்தது, ஆதலால் வெளியிலிருந்து வந்திருக்கும் என்ற ஐயம் முந்திக்கொண்டது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறினால், கோல்செஸ்டர் மக்கள் ஒரே வீட்டில் ஸ்பெயின் எண்ணெயையும் கால் நாட்டுக் கிண்ணத்தையும் உள்ளூர்ப் பானையையும் வைத்துப் புழங்கினர். எதை வரவழைப்பது, எதை இங்கேயே செய்வது என்பதை விலையும் பயனும் கைத்திறனும் முடிவுசெய்தன. இறக்குமதிக் கலத்தை நாகரிகத்தின் அளவுகோலாகவும் உள்ளூர்க் கலத்தைப் பின்தங்கியதன் அடையாளமாகவும் கொண்டால், வட எல்லைவரை சட்டி அனுப்பிய குயவர்களும், ஈரமண்ணில் நான்கு பெயர்களைப் பொறித்த அந்தக் கைகளும் வரலாற்றிலிருந்து காணாமல் போய்விடும். சூளையிட்டவர்களுள் பலரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு உரியதை அவர்களுக்கே கொடுக்க எஞ்சியிருக்கும் ஒரே வழி, மண்ணைச் சரியாகப் படிப்பதுதான்.

வரலாறோ மொழியோ பயிலும் நண்பர்கள் அடுத்த முறை அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது, கண்ணாடிப் பேழையிலுள்ள கலத்தின் அருகே 'இறக்குமதி' என்றோ 'உள்ளூர்' என்றோ எழுதியிருந்தால், உடனே நகர்ந்துவிடாதீர்கள். அதை எப்படிக் கண்டறிந்தார்கள், உருவத்தைப் பார்த்தா, மண்ணைப் பார்த்தா என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.